சாக்கு எடை

ஜூன் 4

மாப்பிள்ளை,

பள்ளிக்கூடத்து முன்கூடத்தின் சுவர் ஊதாவாக வந்துவிட்டது. கேட்டது புறா நிறம். தாளாளர் அம்மா வெளியூரில் இருந்தபடி, பள்ளியிலிருந்து எடுத்து அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடமா, நாடகக் கொட்டகையா?" என்று கேட்டார். எனக்கும் அந்தப் போட்டோ போதுமாக இருந்தது; அன்று மாலையே ஆளை அனுப்பி என் கைக்காசில் வெள்ளையடித்து மூடினேன். மறுநாள் காலையில் உன்னைக் கேட்டேன். நீ கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனவன்தான். இன்றோடு பதினோரு நாள்.

என் போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறாய். அக்கா கூப்பிட்டால் மட்டும் முதல் மணியிலேயே எடுக்கிறாய். சரி, எழுதுகிறேன். எழுதினால் இன்னொரு வசதி, நீ நடுவில் எழுந்து போக முடியாது.

நாற்காலி ஆலையின் மேலாளர் நேற்று பேசினார். நிறப் பிரிவுக்கு உன்னை எடுக்க ஆசைதான் போலிருக்கிறது. பதினான்கு வருடம் ஒரே பெயிண்ட் கடையில், அதுவும் சொந்த அக்கா புருஷன் கடையில், கலவை போட்டவர் ஏன் திடீரென்று வெளியே வந்தார் என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எழுத்தில் வேண்டுமாம், இருபத்தைந்தாம் தேதிக்குள். என் கடிதம் இல்லாமல் உன்னை உள்ளே விடமாட்டார்கள் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது.

நான் சந்தேகப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. போட்டோவைப் பெரிதாக அச்சுப் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். எத்தனை தடவை பார்த்தாலும் சந்தேகமே இல்லாமல் ஊதா. அடுத்து, உன் கலவைச் சீட்டு. வெள்ளை, கருப்பு, துளி நீலம் என்று எழுதிவிட்டுக் கடைசியில் உன் கையெழுத்திலேயே ‘ஊ 3’ என்று இருக்கிறது. புறா நிறத்துக்கு ஊதா எதற்கடா? அதுவும் மூன்று கரண்டி? அந்த வாரத்தில்தான் நீ ஏணிக்காரனோடு டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாய். ஏணி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவன், இன்றைக்கு எனக்கு எதிரே பெயிண்ட் கடை போட்டு, என் பள்ளிக்கூட வேலைமேல் கண் வைத்திருக்கிறான். நான் என்ன நினைப்பேன்?

கலவையில் தப்பு நடந்தது என்று இரண்டு வரி எழுதி அனுப்பு. தெரியாமல் என்று எழுதினாலும் போதும். ஆலைக்கு நல்லபடியாக நானே எழுதுகிறேன். சாக்கு மட்டும் சொல்லாதே.

அத்தான்

ஜூன் 8

அத்தானுக்கு,

போனில் பேசினால் உங்கள் குரல் ஜெயித்துவிடும். அதனால்தான் எடுப்பதில்லை.

நீங்கள் "உன்னைக் கேட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்கவில்லை. மேஸ்திரியையும் சேர்த்து ஆறு பெயிண்டர்கள் நிற்கையில், "கண்ணு அவிஞ்சு போச்சா, இல்ல ஏணிக்காரன்கிட்ட வாங்கித் தின்னுட்டுத்தான் இந்த வேலை பண்ணினியா?" என்றீர்கள். அவர்களில் ஒருவருக்கு நான் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பெயர் கேள்வியா?

சுவர் சாம்பல். நான் போட்டது சாம்பல். மாடிப்படி ஓரமாக வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவை மூடினேன்.

சீட்டில் இருக்கும் ‘ஊ 3’ ஊதா மூன்று அல்ல. ஊறல் மூன்று மணி நேரம். நிறப்பொடியைக் கரைத்தால் ஊற விட வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் திட்டுத்திட்டாக நிற்கும். பதினான்கு வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன். நீங்கள் முன்னால் கல்லாவில் இருந்தீர்கள், சீட்டு உங்கள் கைக்கு வந்ததே இல்லை. இப்போதும் கம்பியில் குத்தியிருக்கும் பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். மருந்துக்கடைக் கூரைக்குப் போட்ட வெள்ளையில் ‘ஊ 2’ இருக்கும். அந்தக் கூரை ஊதாவா?

ஊதா என்ற சொல்லையே நான் எழுதுவதில்லை. உங்கள் வீட்டில் இருந்துகொண்டு எப்படி எழுதுவேன்? அக்கா நீலத்தை ஊதா என்பாள். நீங்கள் கத்தரிப்பூ நிறத்தை ஊதா என்பீர்கள். போன வருடம் அக்கா ஊதாத் துண்டு கேட்டு, நீங்கள் வாங்கி வந்து, இரண்டு நாள் வீடு என்னவாக இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். நான் ‘கத்தரி’ என்று முழுசாக எழுதுவேன்.

மீதி கால் டப்பா கலவை அறையில், மேல் தட்டில், வலது கோடியில் இருக்கிறது. மூடியில் தேதி போட்டிருக்கிறேன். திறந்து ஒரு பலகையில் அடித்து, வெளியே வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். சுவரைத்தான் ஒரே மாலையில் மூடிவிட்டீர்கள். டப்பாவையாவது விட்டு வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

செய்யாத தப்பை இரண்டு வரியில் எழுதித் தரமாட்டேன். அரை வரியிலும் தரமாட்டேன்.

இங்கே வாடகை அறையில் ஒரே ஒரு குண்டு பல்பு. பகலில் ஆலை வாசலில் போய் நிற்கிறேன். இருபத்தைந்து வரைக்கும் இடம் வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
அக்காவின் தம்பி

ஜூன் 12

மாப்பிள்ளை,

அக்காவின் தம்பியாம். அப்படியானால் எனக்கு யார்?

சீட்டுகளைப் பார்த்தேன். மருந்துக்கடைக் கூரையில் ‘ஊ 2’, பேக்கரியின் மஞ்சளில் ‘ஊ 4’. மேஸ்திரியையும் கேட்டேன். "ஊற வைக்கிறது முதலாளி, இதுகூடத் தெரியாமலா கடை வெச்சிருக்கீங்க?" என்றார். அந்த ஒரு விஷயத்தில் நான் தோற்றேன். ஊதா என்று கண்ணில் பட்டது, உடனே ‘ஊ’வும் ஊதாவாகிவிட்டது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் போட்டோ? அதற்கு என்ன பதில்? சீட்டில் எழுதாமலும் ஒரு கரண்டி விழலாம்.

நான் யாரையும் நம்பாதவன், அது உனக்குத் தெரியும். கடைக்கு வந்த முப்பத்தொரு பேரிடம் போட்டோவைக் காட்டி, ஒரு வார்த்தைகூட எடுத்துக்கொடுக்காமல், "இந்தச் சுவர் என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டேன். பதினான்கு பேர் ஊதா, பதினாறு பேர் சாம்பல். ஒருத்தர் முதலில் ஊதா என்றார், விலை கேட்டுவிட்டுத் திரும்பியபோது சாம்பல் என்றார். இரண்டு பேர் என் மேசை முன்னாலேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள். தையல்காரர் ஊதா என்கிறார், தபால்காரர் அவரைக் கண்ணாடி மாற்றச் சொல்கிறார். உன் அக்கா ஒரு பார்வை பார்த்தாள். "சாம்பல்" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவே இல்லை. உப்பு கேட்டால் உப்புச் சாடியை மேசைமேல் டொக்கென்று வைக்கிறாள்.

ஒரு பொருளைப் பார்த்து ஊரில் பாதி ஒன்று சொல்கிறது, மீதிப் பாதி வேறொன்று சொல்கிறது. இருபத்தாறு வருட வியாபாரத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. துணி மட்டம் என்றால் மட்டம், அரிசியில் கல் என்றால் கல்.

டப்பாவைத் திறக்கவில்லை. காரணத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஊதாவாக இருந்தால் உன்னை இழப்பேன். சாம்பலாக இருந்தால் நான் பேசிய பேச்சை எங்கே கொண்டு போய் வைப்பது? மூடியிருக்கும் வரை இரண்டும் இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். எல்லாவற்றுக்கும் வரிக்கு வரி பதில் எழுதியவன், ஏணிக்காரனை மட்டும் தாண்டிக் குதித்துவிட்டாய். டீக்கடையில் அரைமணி நேரம் என்ன பேசினாய்? அதைச் சொல்லாதவரை ஆலைக்கு என் பேனா ஓடாது.

அத்தான்

ஜூன் 15

அத்தானுக்கு,

சொல்கிறேன். ஏணிக்காரர் என்னை வேலைக்குக் கூப்பிட்டார். நான் உடனே முடியாது என்று சொல்லவில்லை. மூன்று நாள் அவகாசம் கேட்டேன். இதை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

ஏன் கேட்டேன் என்றால், நிறம் கலக்கும் மெஷின் ஒன்றின் விலைப்பட்டியல் உங்கள் மேசையில் கிடந்தது. "மெஷின் வாங்கிப் போட்டா கோவிச்சுக்காது, லீவு கேக்காது, மச்சினன்னும் சொல்லிக்காது" என்று கணக்கரிடம் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நான் கலவை அறையில்தான் இருந்தேன். விளையாட்டாகத்தான் இருக்கும். மூன்று நாள் யோசித்துவிட்டு, நான்காம் நாள் டீக்கடையில் அவரைப் பார்த்து வரவில்லை என்று சொன்னேன். நீங்கள் பார்த்தது அந்த நாலாம் நாளைத்தான். அவர் என்னை விடாமல் பேசிக்கொண்டிருந்தார், அதனால்தான் அரைமணி நேரம். கையில் எதுவும் வாங்கவில்லை. டீக்காசுகூட நான்தான் கொடுத்தேன்.

போட்டோவின் ஒரு பிரதியை அக்கா எனக்கும் அனுப்பியிருந்தாள். எனக்குச் சாம்பல்தான். ஆனால் நேற்று சாயங்காலம் பல்பைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது ஒரு நொடி ஊதாவாகத் தெரிந்தது. என் கைதான் தப்புச் செய்துவிட்டதோ என்று பயந்தேன். கண்ணை மூடித் திறந்தேன், சாம்பல். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அதன் பிறகு தூங்காமல் யோசித்து ஒன்று செய்தேன். இதோடு ஒரு கருப்பு அட்டை வைத்திருக்கிறேன். நடுவில் கடுகளவு ஓட்டை. போட்டோவின் மேல் அதை வைத்து, சுவர் மட்டும் ஓட்டைக்குள் தெரியும்படி நகர்த்துங்கள். ஜன்னல், விளக்கு, தரை எதுவும் தெரியக்கூடாது. தெரிகிற நிறத்தைச் சொல்லுங்கள். அக்காவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாமல் சொல்ல வேண்டும்.

பிறகு டப்பாவைத் திறங்கள். திறக்காத டப்பாவை வைத்து என்னை ஒரு வாரமாக நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். ஆலை மேலாளர் நேற்று, "உங்க பழைய முதலாளி இன்னும் யோசிக்கிறாரா?" என்றார். யோசிக்கிறார் என்று நான் என்ன வாயால் சொல்ல?

அக்காவின் தம்பி

ஜூன் 18

மாப்பிள்ளை,

திறந்தேன்.

உன் அக்கா பக்கத்தில் நின்றாள், மேஸ்திரி பலகையைப் பிடித்தார். ஒரு பூச்சு அடித்து முற்றத்தில் காய வைத்தோம். புறா. கழுத்துப் பளபளப்பு இல்லாத புறா. துளி ஊதா கிடையாது. மேஸ்திரி பலகையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் உன் அட்டை. நான் பார்த்துத் தாளில் எழுதி மடித்தேன், அவளும் அப்படியே. பிரித்தால் இரண்டிலும் ஒன்றுதான்: லேசாக நீலம் ஏறிய சாம்பல். அட்டையை எடுத்தேன். எனக்கு ஊதா, அவளுக்குச் சாம்பல். மறுபடி வைத்தேன், ஒன்று. எடுத்தேன், இரண்டு. ஏழெட்டுத் தடவை செய்தோம். பத்து நாளில் முதல் தடவையாக அவள் சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான்.

இரண்டு நாள் மண்டையைக் குடைந்து எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், சரியா பார். நான் தானிய மண்டியில் மூட்டை தூக்கித்தான் ஆளானேன். மூட்டையைத் தராசில் வைத்தால் சாக்கோடு சேர்த்துத்தான் எடை காட்டும். சாக்கு எடையைக் கழித்தால்தான் தானியம் எவ்வளவு என்று தெரியும். சாக்கைப் பிரித்து நிறுக்க நேரம் இருக்காது. ஒரு குத்துமதிப்பாகக் கழிப்போம். கண்ணும் அதையேதான் செய்கிறது. சுவரிலிருந்து வருவது நிறமும் வெளிச்சமும் சேர்ந்த மூட்டை. கண் வெளிச்சத்தைக் கழித்துவிட்டு நிறத்தைச் சொல்கிறது. வெளிச்சம் என்னவென்று நன்றாகத் தெரிந்தால் எல்லோரும் ஒரே அளவு கழிப்போம். அந்தப் போட்டோவில் ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் மஞ்சள் விளக்கு. எது சுவரில் விழுகிறது என்று தெரியவில்லை. நான் இருபத்தாறு வருடமாக மஞ்சள் விளக்குக்கு அடியில் உட்கார்ந்திருப்பவன், விளக்கு என்று எடுத்துக்கொண்டு மஞ்சளைக் கழித்துவிட்டேன். மிஞ்சியது ஊதா. நீ முற்றத்தில் வானத்தின் கீழ் வைத்து நிறம் பார்க்கிறவன். நிழலில் விழும் வான வெளிச்சம் என்று நீலத்தைக் கழித்தாய். மிஞ்சியது சாம்பல். தராசில் தப்பில்லை. ஆளுக்கொரு சாக்கு எடை வைத்திருக்கிறோம், அதை வைத்திருப்பதே நமக்குத் தெரியாது.

முப்பத்தொரு பேரையும் இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். பெயிண்டர்கள், லாரிக்காரர், தபால்காரர் எல்லாம் சாம்பல் பக்கம். தையல்காரர், கணக்கர், வங்கியில் வேலை செய்யும் அம்மா ஊதாப் பக்கம். முழுக்கப் பொருந்தவில்லை. வெயிலிலேயே கிடக்கும் பழைய இரும்புக்காரர் ஊதா என்கிறார். வீட்டுக்குள்ளேயே இருக்கும் உன் அக்கா சாம்பல் என்கிறாள். அவள் என் கணக்குக்குள் எப்போதுதான் வந்தாள்?

ஒன்று மட்டும் என்னைப் பாடாய்ப்படுத்துகிறது. இவ்வளவும் தெரிந்த பிறகும், பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டோவைப் பார்த்தால், எனக்கு இன்னும் ஊதாதான்.

ஏணிக்காரன் விஷயத்தில் நீ எழுதியதை நம்புகிறேன். மெஷின் பேச்சு விளையாட்டு இல்லை, வாங்குவதாகத்தான் இருந்தேன். இனி வாங்கப்போவதில்லை.

பலகையையும் அட்டையையும் தாளாளர் அம்மாவிடம் எடுத்துப் போனேன். அவருக்கும் நாலு தடவை வைத்து எடுத்துக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் மீதியிருக்கும் நாற்பது அறையும் நமக்கே. ஆனால் இதைக் கலக்கிய கையேதான் அவற்றையும் கலக்க வேண்டுமாம். இதை உன்னிடம் மறைக்கலாம், மறைத்துவிட்டு உருக்கமாக ஒரு கடிதம் எழுதலாம். எனக்கு வராது. எனக்கு நீ தேவை. திரும்பி வா. சம்பளத்தில் கால் பங்கு ஏற்றித் தருகிறேன்.

அத்தான்

ஜூன் 20

அத்தானுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சாக்கு எடை சரியான கணக்கு. நான் ஒரு வாரமாகத் தேடிய சொல் அது.

உங்கள் கடிதத்தில் தராசு இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, நாற்பது அறை இருக்கிறது. அன்று ஆறு பேர் முன்னால் சொன்னது மட்டும் இல்லை. ஏணிக்காரரை நான் தாண்டிக் குதித்தேன் என்றீர்களே.

நாற்பது அறை கிடைக்காமல் போயிருந்தால் இந்தக் கடிதம் எனக்கு வந்திருக்குமா? தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

நான் திரும்பி வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. போட்டோ இன்னும் ஊதாவாகத் தெரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நானும் உங்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிவேன். நாளைக்கு ஒரு டப்பா கெட்டால், தெரிந்ததெல்லாம் பின்னால் போய்விடும், கண்ணுக்குத் தெரிவதுதான் முன்னால் வரும். தினமும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் அக்காவுக்கும் கஷ்டம்.

ஆனால் நாற்பது அறைக்கும் கலக்கித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வர முடியும். அதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும். எந்த இடத்தில் சொன்னீர்களோ அந்த இடத்தில், எந்த ஆறு பேர் கேட்டார்களோ அந்த ஆறு பேர் முன்னால், எவ்வளவு சத்தமாகச் சொன்னீர்களோ அவ்வளவு சத்தமாக, அது பொய் என்று சொல்ல வேண்டும். நான் அங்கே இருக்கமாட்டேன். எனக்காகச் சொல்வது போல் இருக்கக்கூடாது. ஆலைக்கும் இருபத்தைந்துக்குள் எழுதுங்கள். உருக்கம் வேண்டாம், நடந்ததை மட்டும்.

கூலி விஷயத்தை அக்காவிடம் பேசி முடியுங்கள். அவள் சொல்வது எனக்குச் சம்மதம்.

தம்பி

ஜூன் 23

மாப்பிள்ளை,

இன்று காலை எட்டு மணிக்கு முற்றத்தில் ஆறு பேரையும் நிறுத்தினேன். மேஸ்திரி ஏதோ கூலிக் குறைப்பு என்று நினைத்துத் துண்டை உதறிக்கொண்டு வந்தார். எனக்கு வாய் வரவில்லை. சரக்கு லாரிக்காரனிடம், போலீஸ்காரனிடம், வட்டிக்காரனிடமெல்லாம் பேசிய வாய். கடைசியில் இப்படித்தான் வந்தது:

"அன்னிக்கு அவனை நான் சொன்னது பொய். சுவர் சாம்பல்தான். அவன் யார்கிட்டயும் எதுவும் வாங்கல. பார்க்காம பேசினது நான்."

மேஸ்திரிதான் காதைக் குடைந்துகொண்டு சொன்னார். "சத்தம் பத்தல முதலாளி. அன்னிக்குத் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு."

மறுபடி சொன்னேன், அடித்தொண்டையிலிருந்து. எதிர்க் கடையில் ஏணிக்காரன் ஷட்டர் தூக்கிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தான். பார்க்கட்டும். அவன் கேட்டதும் நல்லதுதான். அந்தத் தூரிகைக்காரர் இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

நாற்பது அறை இல்லாவிட்டால் எழுதியிருப்பேனா என்று கேட்டாய். டப்பாவைத் திறந்தது பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முன்பு. அதற்கு மேல் என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆலைக்கு இன்று பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். போனிலும் சொன்னேன். எழுதியதன் பிரதி இதோடு இருக்கிறது: "பதினான்கு வருடம் வேலை செய்தார். கையும் கண்ணும் சுத்தம். என் தவறான குற்றச்சாட்டால் வெளியேறினார்." மேலாளர் ஒன்றாம் தேதி உன்னை வரச் சொல்லிவிட்டார்.

கூலியை உன் அக்காவோடு பேசி முடித்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு மோசமாக நான் பேரம் பேசியதில்லை. முடிவானது இது:

மாதத்தில் இரண்டாம் ஞாயிறும் நான்காம் ஞாயிறும் ஆலைக்குத் தெரிவித்துவிட்டு வருவாய். காலை வெளிச்சம் வந்தது முதல் அது போகும் வரை வேலை. மேஸ்திரியின் நாள் கூலியைப் போல இரண்டு பங்கு, அன்றைக்கன்றே கையில். போக வர பஸ் காசு கடையுடையது, சாப்பாடு அக்காவுடையது. நீ கலக்கிய நிறத்தை முற்றத்தில் உன்னோடு நின்று பார்க்காமல் நான் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால் அன்றைய கூலி நான்கு பங்கு. மூன்றாக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். உன் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. நான்கே.

அத்தான்